மரக்கடைச் சாவடியில் ஒரு ஓட்டு

மெம்பர் ஜெயித்துவிட்டார் என்று ஓட்டு எண்ணும் மண்டபமே விசிலடித்தபோது, அவருடைய ஏஜெண்ட் மட்டும் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெயித்த பக்கத்து ஆள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இவருக்கோ கழுவக் கழுவ முகம் வியர்த்தது. சற்று முன்னால்தான் ஒரு அதிகாரி, கொட்டாவியை அடக்கியபடி, ஒலிபெருக்கியில் படித்திருந்தார்: மரக்கடைச் சாவடி, மணிச் சின்னம் அறுபது, குடைச் சின்னம் ஒன்று.

அந்த ஒன்றை நினைத்துத்தான் முகம் அப்படி வியர்த்தது.

ஏஜெண்ட் என்பது ஊர் வைத்த பெயர். மெம்பரின் மனைவிக்குத் தம்பி அவர். அத்தான் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்கு நின்ற நாளிலிருந்து இன்றுவரை தேர்தல் ஏஜெண்டாகவே காலத்தைத் தள்ளியாயிற்று. வேறு வேலை பார்த்ததாக அவருக்கே நினைவில்லை. அக்கா வீட்டு மாடியில் குடித்தனம், அக்கா கையால் சாப்பாடு, அத்தானின் கோபத்தால் தூக்கக்கேடு. மூன்றுமே இலவசம். மனைவி காலமான பிறகு மகளை வளர்த்ததும் அந்த வீட்டின் தயவில்தான். அதனால் அத்தான் இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

மெம்பரின் வரலாற்றைச் சொல்லாமல் அந்த ஒரு ஓட்டின் கனம் புரியாது. அப்பாவின் மரக்கடையில் லாரிக்காரர்களோடு சண்டை போட்டுத் தொண்டையைப் பழக்கியவர். நகரசபைக்குப் போனார், அங்கிருந்து ஒரே தாவலில் நாடாளுமன்றத்துக்கு. குடைச் சின்னத்தில் ஆறு முறை நின்றார். ஐந்தில் வெற்றி, மூன்றாவதில் மட்டும் தோல்வி. ஒரு முறை துணை மந்திரி, இரண்டு முறை ஏதேதோ குழுக்களுக்குத் தலைவர். சபையில் அவர் பேசியது பெரும்பாலும் ரயில்வே கேட்டுகளைப் பற்றி. அது சிரிக்கிற விஷயம் என்று நினைத்தவர்களை அவர் ஒவ்வொருவராக நினைவில் வைத்திருந்தார். போன வருஷம் குடைக்கட்சி மந்திரி பதவியை நேற்று வந்த ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தது. மெம்பர் பாதிக் கட்சியைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தார். புதுக் கட்சி, புதுச் சின்னம், மணி.

அவருடைய பெருமை எல்லாம் மரக்கடைச் சாவடிதான். ரயில் பாதைக்கு அப்பால் ஒரே ஒரு தெரு. அவருடைய வீடு, மரக்கடை, அதில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. கேட்டு மூடிவிட்டால் யாரும் பாதையைத் தாண்டி ஓட்டுப்போடப் போக முடியாது என்று சொல்லி, அந்தத் தெருவுக்கென்றே ஒரு சாவடியை வாங்கி வந்தவர் அவர். தோற்ற வருஷத்தில்கூட அங்கே விழுந்த அத்தனை ஓட்டும் அவருக்கே. "என் வாசல்ல எனக்கு எதிரா ஒரு விரல் அசைஞ்சதில்ல" என்று சபையிலேயே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தேர்தலிலும் சாவடி திறந்ததும் முதல் ஓட்டு அவருடையது. பென்சிலை எடுத்தாரா வைத்தாரா என்று தெரியாது, அதற்குள் வெளியே வந்து புகைப்படக்காரர்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

வெற்றி ஊர்வலம் முடிந்து கார் ரயில்வே கேட்டில் நின்றது. பின்சீட்டில் மாலைகளுக்கு நடுவே மெம்பர், பக்கத்தில் ஏஜெண்ட். முன்னால் டிரைவர். மெம்பர் மாலை ஒன்றைக் கழற்றி ஏஜெண்டின் மடியில் வைத்தார்.

"நம்ம சாவடியில ஒண்ணு விழுந்திருக்காமே. யாரு மாப்ளே அது?"

"விசாரிக்கிறேன் அத்தான்."

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

டிரைவரின் கண்கள் கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. ரயில் தடதடத்துக் கடந்து போனது.

கோபமில்லை என்ற சொல்லை ஏஜெண்ட் முன்பே கேட்டிருக்கிறார். தோற்ற வருஷம் எதிராளியின் நோட்டீசை அச்சடித்தது மெம்பரோடு பள்ளியில் படித்த ஒரு அச்சக்காரர். மெம்பர் அவரை வீட்டுக்கு அழைத்தார். "கோபமில்லப்பா, தொழில்னா நாலு பேருக்கும் அடிக்கத்தானே வேணும்" என்றார். டீக் கெட்டிலைத் தானே தூக்கி, தன் கையால் ஊற்றிக் கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். அடுத்த வாரம் அச்சகம் எரிந்தது. முதல் ஆளாகப் போய் அச்சக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதவரும் மெம்பர்தான். அதன்பின் உதவியாளர் ஒருவருக்கும் அதே கெட்டிலிலிருந்து அதே கையால் டீ கிடைத்தது. அந்த உதவியாளர் எங்கே என்று அவரைப் பெற்ற தாய்க்கே இன்றுவரை தெரியாது. அந்த வீட்டில் டீ கொண்டுவர ஆள் இருந்தது. மெம்பரே கெட்டிலைத் தொட்டால் அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஏஜெண்டின் பயம் தன்னைப் பற்றியது இல்லை. மகளைப் பற்றியது. அவள் கல்லூரியில் படிக்கிறாள், இதுதான் முதல் ஓட்டு. வாய் நீளம். அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்ததே மெம்பர்தான். சாப்பாட்டு மேஜையில் அவள் எதையாவது குடைந்து கேட்பாள், மெம்பர் சிரித்து அப்படிக் கூப்பிடுவார், வீடே சிரிக்கும். கட்சி மாறியபோதும் கேட்டாள். "இத்தனை வருஷம் குடைதான் நம்மைக் காப்பாத்தும்னு சொன்னீங்க. இப்ப அது ஓட்டைன்னு சொல்றீங்க. எப்ப மாமா ஓட்டையாச்சு?" அன்றைக்கு மெம்பர் சிரிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அந்தச் சற்று நேரம்தான் ஏஜெண்டின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் மகளை மடக்கினார். யாருக்குப் போட்டாய் என்று நேரே கேட்க நாக்கு வரவில்லை. சுற்றி வளைத்து, பென்சில் கூர்மையாக இருந்ததா, சீட்டு பெரிதாக இருந்ததா என்று ஏதேதோ கேட்டார். அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "ரகசிய ஓட்டுப்பா, அப்பாகிட்ட கூட சொல்லக்கூடாது" என்று சிரித்தாள். இவள்தான், சந்தேகமே இல்லை என்று தீர்மானித்துவிட்டார். பயம் வந்தவனுக்கு அதற்கு மேல் சாட்சி எதற்கு?

மூன்றாம் நாள் காலை மெம்பர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். தொகுதியில் வெற்றி வித்தியாசம் பாதியாகக் குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாவடி, அந்த ஒரு ஓட்டு, அதேதான். சமையலறையிலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் வந்தது, அத்தையிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெம்பரும் அதைக் கேட்டுப் புன்னகைத்தார்.

"நம்ம எதிர்க்கட்சி முதல் ஓட்டுப் போட்டுச்சே. எந்தச் சின்னத்துக்குப் போட்டுச்சாம்?"

ஏஜெண்டுக்கு வாய் தானாகத் திறந்தது. "டிரைவர் வீட்டுக் கதவுல இன்னும் குடைதான் ஒட்டியிருக்கு அத்தான்."

பொய் இல்லை. ஒட்டியிருந்தது உண்மைதான். அந்தத் தெருவில் எந்தக் கதவில் இல்லை? முப்பது வருஷமாக ஒட்டிய காகிதம், சுரண்டினால் கதவின் சாயமும் சேர்ந்து வரும். ஏஜெண்டின் சொந்தப் பெட்டியிலேயே இரண்டு இருந்தன. அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. மெம்பர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "டிரைவரா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே காரை வேறொருவன் ஓட்டினான். டிரைவரைக் கடையில் பலகை அடுக்கச் சொன்னார்கள். அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த, மரம் அறுக்கும் அறுவைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார்கள். அவன் வீட்டு முனையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவைத்து வெயிலில் நின்றார்கள், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மரத்தூள் வாடை அடிக்கும் கிடங்கின் ஓரத்தில் டிரைவர் ஏஜெண்டை நிறுத்தினான். சட்டைப் பொத்தானைத் திருகியபடியே இருந்தான்.

"சார், ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் டீ சாப்பிட வரச் சொல்லியிருக்காரு."

ஏஜெண்ட் அடுக்கிவைத்த பலகைகளை எண்ணுவதுபோல் பார்த்தார்.

"நான் மணிக்குத்தான் போட்டேன் சார். என் பிள்ளைங்க மேல சத்தியம். இத்தனை வருஷம் அவரு சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டியிருக்கேன். யாரை எங்க கொண்டுபோய் இறக்கிவிட்டேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சார் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் நடையைக் கட்டினார். பார்க்கிறேன் என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் அரசியல்வாதிக்குக் கார் ஓட்டியவனுக்கு அது தெரியாதா? டிரைவர் அங்கேயே நின்றான். ஏஜெண்டுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மகளா டிரைவரா என்று மனதுக்குள் தராசைப் பிடித்தபோது தட்டு ஒரு பக்கமாகத்தான் தாழ்ந்தது. பெற்ற மனம், என்ன செய்ய, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் மாடிப்படி ஏறும் வரைக்குமே தாங்கியது.

மாடியில் மகள் காத்திருந்தாள். டிரைவரின் மனைவி வீட்டுச் சாமான்களைக் கட்டுகிறாளாம், போக இடமில்லாமல் அவிழ்க்கிறாளாம், மறுபடி கட்டுகிறாளாம். நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"டிரைவர் அண்ணன் பேரை யாருப்பா மாமாகிட்ட சொன்னது?"

ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். மகள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் சொல்லலைன்னு நீங்க சாப்பிடக்கூட இல்ல. இப்பச் சொல்றேன். மணிக்குத்தான் போட்டேன். மாமாவுக்காக இல்ல. மாத்திப் போட்டா உங்களை என்ன பண்ணுவாரோன்னு பயந்துக்கிட்டுப் போட்டேன்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். ஏஜெண்ட் படியிலேயே உட்கார்ந்தார். இல்லாத ஆபத்திலிருந்து மகளைக் காப்பாற்ற, ஒரு மனுஷனைக் கொண்டுபோய்ப் பலி கொடுத்தாயிற்று. அப்படியென்றால் அந்த ஓட்டு யாருடையது? அக்காவா? அறுவைக்காரர்களில் யாராவதா? அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தார். அவர்களும் இவரை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தானிடம் போய் உண்மையைச் சொல்ல இரண்டு முறை கீழே இறங்கினார். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறினார்.

ஞாயிறு மதியம் மரக்கடை முற்றத்தில் கூட்டம். நகரசபைத் தேர்தல் வருகிறது. தொகுதி முழுக்கப் பழக்கதோஷத்தில் ஏகப்பட்ட பேர் குடைக்கே கோடு போட்டுவிட்டார்கள், அதனால்தான் வித்தியாசம் குறைந்தது என்று புதுக் கட்சி கண்டுபிடித்திருந்தது. ஆகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓட்டுப்போடச் சொல்லிக்கொடுப்பதை மெம்பர் எப்போதும் தானே செய்வார், இன்னொருவர் கையில் விடமாட்டார். மாதிரி வாக்குச்சீட்டைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகைமேல் வைத்திருந்தார்கள். அதில் மூன்று வரி. குடைக்கட்சி பழைய கட்சி, அதனால் எப்போதும் போல முதல் வரியில் குடை. அதற்குக் கீழே ஏதோ ஒரு சின்னம். கடைசியில் மணி.

தெருவே வந்திருந்தது. வராமல் இருக்க யாருக்குத் துணிச்சல்? டிரைவர் கடைசியில் மரக்கட்டைகளை ஒட்டி நின்றான். அவனைச் சுற்றி இடம் காலியாகக் கிடந்தது. ஏஜெண்ட் முன்வரிசையில், பக்கத்தில் மகள்.

மெம்பர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். சீட்டைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவர் பேச்சுக்காரர், ஆளைப் பார்த்தால்தான் வார்த்தை வரும்.

"பாருங்க, இதுல ஒரு கம்பசூத்திரமும் இல்ல. மடிச்ச சீட்டைப் பிரிக்கிறோம். நம்ம சின்னம் எங்கன்னு நிதானமா பாக்கிறோம். பென்சிலை எடுக்கிறோம். இப்படி ஒரு கோடு, அப்படி ஒரு கோடு. முடிஞ்சுது."

கை தானாக நகர்ந்தது, தேர்ந்த கை. இப்படி ஒரு கோடு, அப்படி ஒரு கோடு. பலகையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக் காட்டினார்.

சிவப்புக் கோடுகள் குடையின் பக்கத்தில் இருந்தன.

ஏஜெண்டுக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. சாவடி திறந்ததும் விழுகிற முதல் ஓட்டு. எடுத்ததும் தெரியாமல் வைத்ததும் தெரியாமல் போடுகிற கை. வாசலில் காத்திருந்த புகைப்படக்காரர்கள். கழுத்துக்குப் பின்னால் எறும்பு ஊர்வது போல இருந்தது. பக்கத்தில் மகளின் விரல்கள் இறுகின. அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்து கையைப் பிடித்து அழுத்தினார்.

"எல்லாருக்கும் தெரியுதா?" என்றார் மெம்பர்.

"தெரியுது" என்றது கூட்டம். யாரோ ஒருவர் கைதட்டினார். அதைக் கேட்டு மற்றவர்களும் தட்டினார்கள். பயத்தில் தட்டுகிற கைதட்டலுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, தகரத்தில் மழை விழுவது போல நிற்காமல் விழும். மெம்பர் திருப்தியோடு பலகையை இறக்கினார். அப்போதுதான் பார்த்தார்.

பேச்சு நிற்கவில்லை. அதுதான் அனுபவம். பேசிக்கொண்டே தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் கண்கள் வரிசை வரிசையாகப் போய் வந்தன. ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருத்தி அழாத குழந்தையைத் தட்டித் தூங்கவைத்தாள்.

கூட்டம் முடிந்ததும் கடையின் அலுவலக அறைக்கு ஏஜெண்டைக் கூப்பிட்டார். மேஜைமேல் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று கோப்பைகள். மெம்பர் கதவைச் சாத்தினார்.

"யாராவது பாத்திருப்பாங்களா?"

"யாரும் பாக்கல அத்தான்."

"நீ?"

"எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாதே அத்தான்." கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. மெம்பர் அதைப் பார்த்தார், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்கும் தெரிந்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. யார் அந்த ஓட்டைப் போட்டது என்று உலகத்தில் அவரைவிட நிச்சயமாக இப்போது யாருக்கும் தெரியாது. இனி டிரைவரை விட்டுவிடுவார் என்று ஏஜெண்டின் மனதில் ஒரு சின்ன ஆசை எழுந்தது. மெம்பர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அது டிரைவர்தான். தெருவுக்கும் அப்படித்தான் தெரியணும். இன்னிக்கே தெரியணும். அவனை உள்ள வரச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் கையால் கெட்டிலைத் தூக்கினார்.

ஏஜெண்ட் கதவைத் திறந்தார். டிரைவர் வாசலில் நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கு முன்னால், அவனை மறைத்துக்கொண்டு, மகள் நின்றாள். அப்பாவைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"நான் பாத்தேன் மாமா."

மெம்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புன்னகைத்தார். சாப்பாட்டு மேஜையில் புன்னகைக்கும் அதே புன்னகை.

"வாம்மா எதிர்க்கட்சி. உக்காரு. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

கெட்டிலின் மூக்கு கோப்பையை நோக்கிச் சாய்ந்தது. டீ நிதானமாக விழுந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நிரம்பிய கோப்பையை மெம்பர் ஒரு விரலால் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

அடுத்து நடந்ததைத் தானே செய்ததாக ஏஜெண்டுக்குப் பிறகு நம்பிக்கையே வரவில்லை. மேஜைக்கு எப்படி வந்தார் என்று தெரியாது. கோப்பை அவர் கையில் இருந்தது. வாயில் வைத்துக் கடகடவென்று குடித்தார். நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. காலிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"நானும் பாத்தேன் அத்தான். டிரைவர் பேரைச் சொன்னது நான். பொய்யா மாட்டிவிட்டேன். வெளியில நிக்கிற அத்தனை பேரும் பாத்தாங்க. அத்தனை பேருக்கும் உங்களால டீ ஊத்த முடியாது."

மெம்பர் அசையவில்லை. கெட்டில் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. கூட்டம் முடிந்து இவ்வளவு நேரமாகியும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலக அறையைப் பார்த்தபடி மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள்.

"டிரைவரைக் கூட்டிக்கிட்டு அத்தைகிட்டப் போம்மா" என்றார் ஏஜெண்ட். மகள் தயங்கினாள். போ என்று கண்ணைக் காட்டினார். அவள் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். கூட்டம் விலகி அவர்களுக்கு வழிவிட்டது.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். மெம்பர் ஜன்னலை ஒரு முறை பார்த்தார், காலிக் கோப்பையை ஒரு முறை பார்த்தார். பேச்சில் கொஞ்சமும் சூடில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாப்ளே?"

"ஊத்துங்க அத்தான்" என்று ஏஜெண்ட் கோப்பையை நீட்டினார். கெட்டில் சாய்ந்தபோதும் அவர் அதைப் பின்னுக்கு இழுக்கவில்லை.